உயிருக்கு ஒரு வருஷமா? ஆக்சிடெண்ட் கேஸ்ல தண்டனை எப்படி முடிவாகுதுன்னு நாங்க அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டது

தீர்ப்பு வாசிச்சு முடிச்சு பெஞ்ச் கிளார்க் அடுத்த கேஸ் நம்பரை கூப்பிட்டாச்சு, நான் மட்டும் இன்னும் அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல அஜாக்கிரதையால சாவு ஏற்படுத்தினதுக்கான 304ஏ பிரிவுக்கு 1 வருஷம், கொடுங்காயத்துக்கான 338-க்கு 3 மாசம், ரெண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கணும், அபராதம் 5,000 ரூபா. ஏககாலம்னா ரெண்டும் சேர்ந்தே ஓடும், ஆக மொத்தமே 1 வருஷம்தான்னு வெளிய வேப்பமரத்தடிக்கு வந்து வக்கீல் மேடம் சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அப்பா போய் 3 வருஷம் 9 மாசம். தம்பிக்கு தொடையில வெச்ச ராடு மார்கழிப் பனிக்கு இன்னும் வலிக்குது. சரி ஒரு வருஷமாவது உள்ள இருக்கட்டும்னு மனச தேத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு போனா, அந்த டிரைவர் எங்களுக்கு முன்னாடியே அங்க நின்னு டீ குடிச்சிட்டிருக்கான்.

அம்மா என் கைய புடிச்சு கேட்டாங்க, "இவன இப்பதானடி உள்ள போடச் சொன்னாங்க?"

அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு. 3 வருஷத்துக்கு மேல போகாத தண்டனையா இருந்து, ஆள் ஏற்கெனவே ஜாமீன்ல இருந்தா, அப்பீல் போறேன்னு சொன்ன உடனே தண்டனை குடுத்த அதே கோர்ட்டே அத நிறுத்தி வெச்சு ஜாமீன்ல அனுப்பலாம், சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. யாரும் காசு வாங்கல, யாரையும் யாரும் கவனிக்கல. இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அந்த சாயங்காலம் அவ்ளோ கசந்திருக்காது. அதுக்கப்புறம் இதே மாதிரி கேஸ்ல நிக்கிற நாலஞ்சு பேர் என்கிட்ட வந்து கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் வக்கீல் இல்ல, ஆறு வருஷம் கோர்ட் வராண்டாவுல நின்னவ, அவ்ளோதான்.

நடந்தது 2019 பிப்ரவரி. அத்தை வீட்டு காதுகுத்துக்கு பத்திரிகை வெச்சிட்டு அப்பாவும் தம்பியும் டிவிஎஸ் எக்ஸெல்ல வந்துக்கிட்டிருந்தாங்க, உளுந்தூர்பேட்டை - விருத்தாசலம் ரோடு, சாயங்காலம் ஆறரை இருக்கும். எதிர்ல ஒரு கவர்மெண்ட் பஸ், அது பின்னாடி தக்காளி பெட்டி ஏத்தின குட்டியானை. வளைவுல பஸ்ஸ ஓவர்டேக் எடுத்து முழுசா எங்க ஆளுங்க சைடுக்கே வந்துட்டான். இடிச்சதும் இறங்கி ஒரு நிமிஷம் பாத்தானாம், அப்புறம் ஓடிட்டான். பஸ் கண்டக்டர்தான் 108-க்கு போன் போட்டார். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி போற வழியிலயே அப்பா போயிட்டார். தம்பிக்கு தொடை எலும்பு ரெண்டா போச்சு.

இந்த இடத்துல எங்க மாமாவ பத்தி சொல்லணும். அம்மாவோட தம்பி, 28 வருஷம் லாரி ஓட்டினவர், அவர் மேலயே ஒரு காலத்துல 304ஏ கேஸ் இருந்துச்சு, சாட்சி எல்லாம் மாத்தி சொன்னதால விடுதலை ஆனவர். அதனால கேஸ் எங்க உடையும்னு அவருக்கு அத்துப்படி. நாங்க எல்லாம் ஆஸ்பத்திரில கதறிக்கிட்டு இருந்தப்போ அவர் நேரா ஸ்பாட்டுக்கு போயிருக்கார். வண்டிய ஓரங்கட்டறதுக்குள்ள போன்ல 40 போட்டோ எடுத்தார், பிரேக் போட்ட டயர் தடம், கண்ணாடித் தூள் எங்க கொட்டியிருக்கு, நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் தக்காளி நசுங்கிக் கிடக்கு, எல்லாம். காலடியால அளந்தும் வெச்சிருந்தார். அப்பல்லாம் எனக்கு அவர் மேல கோவம், மச்சான் செத்துக் கிடக்கும்போது போட்டோ எடுத்துட்டிருக்காரேன்னு. "ஏம்மா, அழறதுக்கு ஆயுசு பூரா இருக்கு, டயர் தடம் நாளைக்கு காலைல இருக்காது"ன்னார்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் முதல்ல நினைச்சது என்னன்னா, போனது ஒரு உயிர், ஒரு குடும்பமே கவுந்துபோச்சு, அப்ப தண்டனையும் அந்த அளவுக்கு இருக்கும்னு. அப்படி இல்லவே இல்ல. இந்த மாதிரி கேஸ்ல கோர்ட் அளக்கிற முக்கியமான சமாச்சாரம் அவன் வண்டிய எப்படி ஓட்டினான்ங்கறது. என்ன ஆச்சுங்கறது எந்த பிரிவுல கேஸ் போடணும்னு முடிவு பண்ணும், சாவுன்னா 304ஏ, எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயம்னா 338, சும்மா அஜாக்கிரதையா ஓட்டினதுக்கு மட்டும் 279. அந்த பிரிவுக்குள்ள எவ்ளோங்கறத முடிவு பண்றது அவனோட நடத்தை, அதுவும் பேப்பர்ல நிரூபணம் ஆன நடத்தை. நம்ம கண்ணீர் அதுல ரொம்ப சின்ன பங்கு. கேக்க கொடூரமா இருக்கும், ஆனா இத ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் நான் உருப்படியா ஓட ஆரம்பிச்சேன்.

304ஏ-ல அதிகபட்சமே 2 வருஷம்தான், இல்லன்னா வெறும் அபராதம், இல்லன்னா ரெண்டும். குறைஞ்சபட்சம்னு ஒன்னும் கிடையாது. 1870-ல வெள்ளைக்காரன் காலத்துல சேர்த்த பிரிவு, மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் யோசிச்சது, அதையே வெச்சு 2024 வரைக்கும் ஓட்டினோம். 2 வருஷத்துக்கும் "கோர்ட் கலையும் வரை" உக்காந்திருந்துட்டு அபராதம் கட்டிட்டு போறதுக்கும் நடுவுல எங்க வேணா நிக்கலாம், மேஜிஸ்திரேட் கையில இருக்கு. அத மேலயோ கீழயோ இழுக்கறது என்னன்னு எங்க வக்கீல் மேடம் ஒரு நாள் டைப்பிஸ்ட் கடையில உக்காந்து விவரமா சொன்னாங்க. குடிச்சிருந்தானா, லைசென்ஸ் இருக்கா, சிக்னல தாண்டினானா, போன் பேசிக்கிட்டு ஓட்டினானா, ராங் சைடுல வந்தானா, இடிச்சிட்டு ஓடினானா இல்ல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி போனானா, எத்தனை பேர் செத்தாங்க, முன்னாடி இதே மாதிரி கேஸ் இருக்கா. அந்தப் பக்கம், முதல் குற்றமா, வயசு என்ன, குடும்பம் யாரை நம்பி இருக்கு, கேஸ் எத்தனை வருஷமா இழுக்குது, நஷ்ட ஈடு குடுத்தானா. எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான்னாங்க: இது ஒரு நொடி கவனம் தப்பினதா, இல்ல ஆபத்துன்னு தெரிஞ்சும் அவனா எடுத்த முடிவா?

அந்த கேள்விக்கு பதில் ரொம்ப முத்திப்போனா பிரிவே மாறிடும். 2006 நவம்பர்ல மும்பை பாந்த்ரா கார்ட்டர் ரோட்ல குடிச்சிட்டு கார ஓட்டி பிளாட்பாரத்துல தூங்கிக்கிட்டிருந்த கூலித்தொழிலாளிங்க மேல ஏத்தினதுல 7 பேர் செத்தாங்க, 8 பேருக்கு காயம். கீழ்க்கோர்ட் 304ஏ-ல 6 மாசம் குடுத்துச்சு, ஹைகோர்ட் அத 304 பார்ட் டூவா மாத்தி 3 வருஷமாக்குச்சு, 2012-ல உச்ச நீதிமன்றம் அத அப்படியே வெச்சுக்கிச்சு. பார்ட் டூன்னா இதனால ஆள் சாகலாம்னு தெரிஞ்சே செய்யறது, அதுல 10 வருஷம் வரைக்கும் போகலாம். அதே 2012-ல டெல்லி பிஎம்டபிள்யூ கேஸ், 1999-ல 6 பேர் செத்தது, அதுலயும் பார்ட் டூ தான்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, ஆனா தண்டனை ஏற்கெனவே இருந்த 2 வருஷமே போதும், கூட 50 லட்சம் கட்டணும், 2 வருஷம் சமுதாய சேவைன்னு முடிச்சாங்க. இத படிச்சுட்டு எனக்கு தலை சுத்துச்சு, பிரிவு பெருசானா தண்டனையும் பெருசாகும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்ல. எங்க கேஸையும் பார்ட் டூ ஆக்கலாமான்னு மேடத்துகிட்ட கேட்டேன். குடி இல்ல, ஓவர்டேக் மட்டும்தான், நிக்காதும்மான்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க.

இனி நடைமுறையில எது உதவுச்சு, எத கோட்டை விட்டோம்.

நம்ம ஊர் ஸ்டேஷன்ல எந்த ஆக்சிடெண்ட் எஃப்ஐஆர எடுத்துப் பாத்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து"ன்னு ஒரு வரி இருக்கும், அச்சு மாதிரி. கோர்ட்டுல அந்த வரி பைசாவுக்கு பெறாது. அதிவேகம்னா எவ்ளோன்னு குறுக்கு விசாரணைல கேப்பாங்க, சாட்சி முழிப்பார், முடிஞ்சுது. 1998-லயே ஒரு கர்நாடகா லாரி கேஸ்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, வேகம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், அத மட்டும் வெச்சு அஜாக்கிரதைன்னு முடிவு பண்ண முடியாதுன்னு விடுதலையே பண்ணிட்டாங்க. அதனால மாமா தம்பிகிட்டயும் கண்டக்டர்கிட்டயும் சொன்னது இதான், ஸ்பீடு பத்தி பேசாதீங்க, என்ன பாத்தீங்களோ அத சொல்லுங்க, எந்த சைடு, எந்த இடம், பஸ் இன்டிகேட்டர் போட்டிருந்துச்சா, வளைவா நேரா, ஆரன் அடிச்சானா. கண்டக்டர் வந்து சொன்ன சாட்சிதான் கேஸையே தூக்கி நிறுத்துச்சு. "பஸ்ஸ தாண்டும்போது எதிர்ல வண்டி வர்றது அந்த டிரைவருக்கு தெரிய வாய்ப்பே இல்ல, வளைவு, தெரியாத இடத்துல ஏறினார்"னு அவர் சொன்னப்போ மேஜிஸ்திரேட் பேனாவ எடுத்து எழுதினத நான் பாத்தேன். அந்த மனுஷனுக்கு எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நாலு வாய்தாவுக்கு டூட்டிய மாத்திக்கிட்டு வந்தார்.

ரஃப் ஸ்கெட்சும் அப்சர்வேஷன் மகஜரும் (ஸ்பாட்ட பாத்து எழுதற குறிப்பு) போலீஸ் போடும்போது குடும்பத்துல ஒருத்தர் பக்கத்துல இருக்கப் பாருங்க. எங்க கேஸ்ல முதல்ல போட்ட ஸ்கெட்ச்ல வண்டி நின்ன இடம் நடுக்கோட்டு மேலயே இருந்துச்சு, மாமா போட்டோவ காட்டினப்புறம் ஏட்டய்யா மறுபடி அளந்து சரியா போட்டார், அவர் வேணும்னு பண்ணல, இருட்டுல அவசரத்துல போட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டும் ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க, வண்டில பிரேக் ஸ்டியரிங் கோளாறு எதுவும் இல்லன்னு அதுல இருந்தாத்தான் "பிரேக் புடிக்கல சார்"ங்கற கதை ஓடாது. ஆஸ்பத்திரி ஏஆர் (ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்) காப்பி, காயச் சான்று, எக்ஸ்ரே பிலிம், இதெல்லாம் இல்லாம கொடுங்காயம்னு நிரூபிக்க முடியாது. பக்கத்துல பெட்ரோல் பங்க் கேமரா இருந்தா உடனே மனு எழுதி போலீஸ் மூலமா எடுக்கச் சொல்லுங்க, கொஞ்ச நாள்ல மேல மேல பதிவாகி அழிஞ்சிடும். எங்களுக்கு அப்படித்தான் போச்சு.

அப்புறம் டிரைவர் மாத்தற வேலை. மறுநாள் காலைல ஒருத்தன் ஸ்டேஷன்ல ஆஜராகி நான்தான் ஓட்டினேன்னான். மாமா நம்பல. ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்லன்னா ஓனர் வேற ஒருத்தன அனுப்பறது அவர் காலத்துல சகஜமாம். மோட்டார் வாகன சட்டம் 133-ல ஓனருக்கு நோட்டீஸ் குடுத்து யார் ஓட்டினாங்கன்னு எழுத்துல வாங்கச் சொல்லி எஸ்ஐ-கிட்ட மனு குடுத்தார், கண்டக்டரும் ஆள பாத்து அடையாளம் சொன்னார், எங்க கேஸ்ல சரியான ஆள்தான் வந்திருந்தான். ஆனா இத ஆரம்பத்துலயே உறுதி பண்ணிக்கோங்க, இவன்தான் ஓட்டினான்னு யாருமே சொல்லாம போனதாலயே விடுதலை ஆன கேஸ் நான் அதே கோர்ட்டுல ரெண்டு பாத்தேன்.

நடுவுல சமாதானத்துக்கு வந்தாங்க. வண்டி ஓனர் ஊர் பெரியவர் ரெண்டு பேரோட வந்து 3 லட்சம் தரேன், தம்பி கோர்ட்டுல சரியா ஞாபகம் இல்லன்னு சொன்னா போதும்னார். சட்டப்படி 304ஏ சமாதானமா முடிக்கிற பிரிவே இல்ல. 338 மட்டும் கோர்ட் அனுமதியோட முடிக்கலாம். அதனால சமாதானம்னு அவங்க சொல்றது உண்மைல சாட்சிய பிறழ வைக்கிறது, பொய் சாட்சிக்கு மாட்டப்போறது நம்மாளு, கூடவே நஷ்ட ஈட்டு கேஸும் சேர்ந்து கவுந்துடும். காசு வாங்கறதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன், இடிஞ்சுபோன குடும்பத்துக்கு காசு எவ்ளோ முக்கியம்னு எனக்கு தெரியும், வாங்கினா கோர்ட் மூலமா பதிவோட வாங்குங்க. அப்படி குடுத்தாலும் அது தண்டனைய மொத்தமா கழுவிடாது. 2015-ல ஒரு பஞ்சாப் கேஸ், ரெண்டு பேர் செத்தது, கீழ்க்கோர்ட் குடுத்த 1 வருஷத்த, 85,000 ரூபா நஷ்ட ஈடு குடுத்தாச்சுன்னு ஹைகோர்ட் உள்ள இருந்த 24 நாளோட முடிச்சுவிட்டுடுச்சு. உச்ச நீதிமன்றம் அத ஒத்துக்கல, 6 மாசம் ஆக்குனாங்க. 304ஏ-ல தண்டனை ரொம்ப கம்மியா இருக்கு, சட்டம் போடறவங்க இத திரும்பி பாக்கணும்னும் அந்த தீர்ப்புல எழுதினாங்க. எங்க ஏபிபி சார் (கேஸ நடத்துற அரசு உதவி வக்கீல்) வாதத்துல இதையும் 2000-ல வந்த தல்பீர் சிங் தீர்ப்பையும்தான் காட்டினார். அதுல, நாள் முழுக்க ஆக்சிலேட்டர் மேல கால் வெச்சிருக்கிற தொழில்முறை டிரைவர் ஒரு கணம் கூட அசட்டையா இருக்க முடியாது, நன்னடத்தைல விட்டுடுவாங்கன்னு எதிர்பாக்கவும் கூடாதுன்னு இருக்கு. மாமாவுக்கு அத நான் படிச்சு காட்டினப்போ கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "நாள் முழுக்க கால் வெச்சிருக்க சொல்றது யாரு, அவங்கள பத்தி எதுவும் எழுதலயா"ன்னார்.

அது என் மண்டைல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஏன்னா குற்றவாளின்னு சொன்னப்புறம் தண்டனை பத்தி என்ன சொல்றன்னு அவன கேட்டாங்க, அவன் வயசு அப்ப 28, சம்பவம் நடந்தப்போ 24. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கைக்குழந்தை இருக்கு, இதான் முதல் கேஸ்னு வக்கீல் சொல்லிக் குடுத்தத சொல்லிட்டு, கூடவே ஒன்னு தானா சொன்னான், "ஐயா, முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு எடுத்த வண்டி, தூங்கவே இல்ல, ஓனர் லோடு சீக்கிரம் இறக்கணும்னு போன் மேல போன்". இரக்கத்துக்காக சொன்னது. தீர்ப்புல அதையே அவனுக்கு எதிரா எழுதினாங்க, தூக்கம் இல்லன்னு தெரிஞ்சும் வண்டிய ஓட்டினதும் வளைவுல ஏறினதும் ஒரு நொடி தவறு இல்ல, அவனே எடுத்த முடிவுன்னு. அவன் வக்கீல் முகம் அப்ப எப்படி போச்சுன்னு பாக்கணுமே. நியாயம்தான். ஆனா ராத்திரி பூரா போன் போட்ட ஓனர் அந்த ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து செய்தி பாத்துட்டிருந்தார், அவர் மேல ஒரு பிரிவும் இல்ல.

லண்டன்ல இருக்கிற எங்க பெரியப்பா பையன் அங்கத்த கைட்லைன அனுப்பினான், மேடம்தான் படிச்சு சொன்னாங்க. அங்க ஆபத்தா ஓட்டி சாவு ஏற்படுத்தினா 2022 ஜூன்ல இருந்து ஆயுள் வரைக்கும் போகலாம், அதுக்கு முன்னாடி 14 வருஷம். டிரைவர் தப்பு எவ்ளோ பெருசுன்னு மூணு தட்டா பிரிச்சு வெச்சிருக்காங்க, மேல் தட்டுக்கு 12 வருஷத்துல ஆரம்பிப்பாங்க, நடுவுக்கு 6, கீழுக்கு 3. தூக்கம் இல்லாம தெரிஞ்சே ஓட்டறது நடுத்தட்டு. நம்ம நாட்டுல அப்படி கைட்லைனே இல்ல, ஒரே மாதிரி கேஸுக்கு ஒரு கோர்ட்ல 3 மாசம், இன்னொரு கோர்ட்ல 2 வருஷம். அந்த நீளமான தண்டனை நமக்கு வேணுமான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா என்ன கணக்குல இந்த நம்பர் வந்துச்சுன்னு குடும்பத்துக்கு புரியற மாதிரி எழுதணும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஹெல்மெட். இத எழுத கை வரல, ஆனா எழுதணும். அப்பா போட்டிருக்கல. குறுக்கு விசாரணைல தம்பிய அதுலயே குடைஞ்சாங்க. கிரிமினல் கேஸ்ல நம்ம பக்க தப்பு அவன விடுவிக்காது, தண்டனைய குறைக்கச் சொல்லி கேக்கலாம், அவ்ளோதான். எங்க மேஜிஸ்திரேட் ஒரே வரில முடிச்சாங்க, ஹெல்மெட் போட்டிருந்தாலும் வேன் ராங் சைடுல வராம இருந்திருக்காதுன்னு. ஆனா நஷ்ட ஈட்டு தீர்ப்பாயத்துல அதுக்கு 10 சதவீதம் புடிச்சாங்க.

நஷ்ட ஈட்டு கேஸ் தனி, கிரிமினல் கேஸ் தனி, இத குழப்பிக்கவே கூடாது. டிரைவர் விடுதலை ஆனாலும் அது நடக்கும், அங்க நிரூபணம் இவ்ளோ இறுக்கமா கேக்க மாட்டாங்க, காசு குடுக்கறது இன்சூரன்ஸ் கம்பெனி. கணக்கு ஒளிவு மறைவு இல்லாதது. அப்பாவுக்கு 52 வயசு, சைக்கிள் கடை, மாசம் 15,000 வருமானம்னு எடுத்தாங்க. வருஷத்துக்கு 1,80,000, சொந்தத் தொழில்னு 10 சதவீதம் கூட்டி 1,98,000, அவர் சொந்த செலவுன்னு மூணுல ஒரு பங்கு கழிச்சு 1,32,000, அந்த வயசுக்கு பெருக்கல் எண் 11, ஆக 14,52,000. அம்மா, நான், தம்பி மூணு பேருக்கும் ஆளுக்கு 40,000, ஈமச்சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000. மொத்தம் 16,02,000, அதுல ஹெல்மெட்டுக்கு 10 சதவீதம் போக 14,41,800, மேல வட்டி. தம்பி காயத்துக்கு தனி மனு. இப்ப சட்டத்துல 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு கெடு இருக்கு, காரியம் முடியட்டும்னு உக்காராதீங்க. இடிச்ச வண்டியே எதுன்னு தெரியலன்னா அதுக்கு தனி திட்டம், சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

அப்பீல்ல செஷன்ஸ் கோர்ட் 2024 மார்ச்ல தீர்ப்பு சொல்லுச்சு, குற்றம் உறுதி, தண்டனை மட்டும் 6 மாசமா குறைப்பு, தம்பிக்கு 50,000 நஷ்ட ஈடு. காரணம், அஞ்சு வருஷமா கேஸ் நடக்குது, வேற கேஸ் எதுவும் இல்ல, குடும்பம். அந்த அஞ்சு வருஷத்துல ஒன்றரை வருஷம் கொரோனா, மீதி பாதி அவன் பக்கம் வாங்கின வாய்தா, அத சொல்றதுக்கு யாரும் இல்ல. நாங்க மேல போகலாமான்னு பாத்தா, விடுதலை ஆனாலோ பிரிவ குறைச்சாலோ நஷ்ட ஈடு பத்தலன்னாலோ பாதிக்கப்பட்டவங்க அப்பீல் போகலாம், தண்டனை கம்மின்னு அப்பீல் போக முடியாது, அது அரசாங்கம்தான் போகணும், 2020-ல உச்ச நீதிமன்றமே அப்படி சொல்லியிருக்கு. அதனால தண்டனை பத்தி நமக்கு சொல்ல எதாவது இருந்தா கீழ்க்கோர்ட்டுலயே, தீர்ப்புக்கு முன்னாடியே சொல்லிடணும். நம்ம வக்கீல் ஏபிபி-க்கு உதவியா இருக்கலாம், சாட்சி விசாரணை முடிஞ்சதும் கோர்ட் அனுமதியோட எழுத்துல வாதம் குடுக்கலாம். ஆஸ்பத்திரி செலவு, தம்பி படிப்பு விட்டது, கடை மூடினது எல்லாம் ரசீதோட அதுல போடலாம். எங்களுக்கு அது தெரிஞ்சது அப்பீல் முடிஞ்சப்புறம். 2022-ல நம்ம மாநிலத்துல மட்டும் ரோடு ஆக்சிடெண்ட்ல 17,884 பேர் செத்திருக்காங்க, ஏபிபி டேபிள்ல இருக்கிற அத்தனை கட்டுல எங்க கட்டும் ஒன்னு, அவரா எங்க வீட்டு கதைய எப்படி தெரிஞ்சுப்பார்.

2024 ஜூலை 1-ல புது சட்டம் வந்துச்சு, பிஎன்எஸ் (பழைய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 106, அஜாக்கிரதைல சாவுன்னா 5 வருஷம் வரைக்கும், அபராதமும் கண்டிப்பா உண்டு. கொடுங்காயத்துக்கு 3 வருஷம் வரைக்கும். ஊர்ல எல்லாரும், "இனிமே அஞ்சு வருஷம்மா, அவன் தொலைஞ்சான்"னு வந்து சொன்னாங்க. இல்ல. சம்பவம் நடந்த தேதில எந்த சட்டமோ அதுதான், பின்னாடி வந்த பெரிய தண்டனைய பழைய கேஸுக்கு குடுக்க அரசியல் சட்டமே விடாது. அப்புறம் முதல் வகுப்பு மேஜிஸ்திரேட் தானா 3 வருஷம் வரைக்கும்தான் குடுக்க முடியும், அதுக்கு மேலன்னா தலைமை மேஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். இடிச்சிட்டு போலீஸ்ல சொல்லாம ஓடினா 10 வருஷம்னு இன்னொரு பகுதி எழுதினாங்களே, 2024 ஜனவரில லாரிக்காரங்க வண்டிய நிறுத்தினதும் அத மட்டும் அமலுக்கு கொண்டு வராம வெச்சுட்டாங்க. மாமாவுக்கு அதுல நியாயம் இருக்குன்னு தோணுச்சு, நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும்னார். எங்க வீட்டுல அன்னைக்கு அதுக்கு பெரிய சண்டை, அம்மா ரெண்டு நாள் அவர்கிட்ட பேசல.

நாங்க கோட்டை விட்டதுல பெருசு எதுன்னா லைசென்ஸ். வண்டிய வெச்சு செஞ்ச குற்றத்துல தண்டனை குடுக்கற கோர்ட் அதே தீர்ப்புலயே இவ்ளோ காலத்துக்கு வண்டி ஓட்டக்கூடாதுன்னும் சொல்லலாம், மோட்டார் வாகன சட்டம் 20. எங்க பக்கத்துல யாருமே கேக்கல, ஏபிபியும் கேக்கல, மேஜிஸ்திரேட்டும் போடல. ஜெயில் ஜெயில்னு அதுலயே கண்ணா இருந்துட்டோம். நீங்க எழுத்துல குடுக்கும்போது இத முதல் வரியா போடுங்க.

அவன் ஹைகோர்ட்டுல ரிவிஷன் (சீராய்வு மனு) போட்டு தண்டனைய நிறுத்தி வெச்சிருக்கான், இன்னும் விசாரணைக்கு வரல. போன மாசம் மாமா வீட்டுக்கு வந்தப்போ சொன்னார், விருத்தாசலம் மார்க்கெட் பக்கம் அவன பாத்தாராம், வேற குட்டியானை, வேற ஓனர். வண்டிய எடுத்துக்கிட்டு பின்னாடியே போயிருக்கார், எதுக்கு போனார்னு அவருக்கே தெரியல.

அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டாங்க, "எப்படி ஓட்றான்?"

"முன்னாடி ஒரு டவுன் பஸ்ஸு நின்னு நின்னு போச்சுக்கா. மூணு ஸ்டாப்பிங், அவனும் பின்னாடியே நின்னான். ஏறல."